முதல் லெவல் கேரக்டர்களுக்கு விருப்ப விதிகள் அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விருப்ப விதி என்பது புத்தக விதிக்கு மேல் ஒரு டேபிள், அதாவது சேர்ந்து ஆடும் குழு, தானே சேர்த்துக்கொள்வது. இந்தப் பக்கத்தில் உள்ள கணக்குகள் எல்லாம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5ஆம் பதிப்பின் 2014 விதிகளை வைத்துப் போட்டவை. ஆளுக்கொரு கேரக்டராகக் கதைக்குள் ஆடும் கேம் அது; டிஎம் என்ற நடத்துநர் கதையையும் எதிரிகளையும் ஓட்டுவார். இன்றைக்கு அதிக டேபிள்களில் ஓடுவது அதுவும் அதன் 2024 திருத்தமும்தான். வேறு கேம் ஆடுபவர்களுக்கு எண்கள் மாறும், யோசிக்கும் முறை மாறாது. "2டி6" என்றால் ஆறு முக டைஸ் இரண்டை உருட்டிக் கூட்டுவது. ஏசி என்பது அடி படுவதற்கு எதிரி எட்ட வேண்டிய எண். ஏர் கண்டிஷனர் என்று நினைத்துக் குழம்பாதவர் யாரும் இல்லை, அதனால் சொல்லிவிடுகிறோம்.

முதல் லெவலுக்கு மட்டும் ஏன் தனி விதி?

ஒரு விசார்டை (மந்திரவாதி) எடுத்துக்கொள்ளுங்கள். ஹிட் பாயிண்டைத் (உயிர்ப் புள்ளி, பூஜ்யமானால் கேரக்டர் விழும்) தீர்மானிக்கும் ஹிட் டைஸ் டி6, முதல் லெவலில் அதன் முழு மதிப்பு 6. கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 12 என்றால் அது தரும் கூடுதல் 1. மொத்தம் 7 ஹிட் பாயிண்ட். டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 14, கவசம் கிடையாது, ஏசி 12.

எதிரே ஒரு காப்ளின் (குட்டிப் பூதம்). தாக்கும்போது டி20 உருட்டலோடு 4 கூட்டிக்கொள்ளும். பட்டால் அடி 1டி6+2. டி20-இல் 8 விழுந்தாலே பட்டுவிடும், அதாவது 65 சதவீத வாய்ப்பு. அடியின் டைஸில் 5 அல்லது 6 வந்தால் விசார்ட் அப்படியே விழுந்துவிடுவார். கிரிட்டிக்கலையும் (டி20-இல் 20 விழுந்தால் அடியின் டைஸ் இரட்டிப்பாகும்) சேர்த்தால், ஒரே அடியில் விழும் வாய்ப்பு 24 சதவீதம். இரண்டு காப்ளின்கள் ஒரே சுற்றில் அவரையே குறிவைத்தால் 58 சதவீதம். அந்தச் சுற்றில் அவருடைய முறை இன்னும் வந்திருக்கவே வேண்டியதில்லை.

இதே விசார்ட் ஐந்தாம் லெவலுக்கு வந்தால் 27 ஹிட் பாயிண்ட் வைத்திருப்பார். காப்ளின் ஒரு தொல்லை, அவ்வளவுதான். டைஸ் பொல்லாததாக விழுந்தாலும் ஓட, ஒளிய, பேரம் பேச இடம் இருக்கும். முதல் லெவலில் அந்த இடைவெளி இல்லை. தாயம் ஆடும்போது தாயம் விழாமல் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்திருப்பீர்கள்; காய் இறங்காது, எழுந்து போகவும் முடியாது. முதல் சண்டையில் கேரக்டரை இழந்த ஆட்டக்காரர் மீதி மூன்று மணி நேரமும் அந்த நிலையில்தான் இருப்பார்.

எங்கிருந்து தொடங்குவது?

விதியிலிருந்து தொடங்காதீர்கள், குறையிலிருந்து தொடங்குங்கள். "முதல் லெவல் கஷ்டமாக இருக்கிறது" என்பது போதாது. கீழே உள்ளவற்றில் எது உங்கள் டேபிளில் நடக்கிறது என்று பாருங்கள்:

- ஆட்டக்காரர் எதையும் தீர்மானிக்கும் முன்பே கேரக்டர் விழுகிறது.
- விழுகிறது, ஆனால் எழுப்ப முடியாமல் சாகிறது.
- உயிரோடு இருக்கிறது, ஆனால் ஒரு ஸ்பெல் (மந்திரம்) போட்டபின் செய்ய எதுவும் இல்லை.
- நால்வரில் ஒருவர் மட்டும் டைஸ் புண்ணியத்தில் எல்லாவற்றிலும் மேலே நிற்கிறார்.
- புதிதாக வந்தவருக்குத் தாளில் உள்ள பாதி வார்த்தை புரியவில்லை.

முதல் இரண்டும் ஒன்று போலத் தோன்றும். மருந்து வேறு. முதலாவதற்கு ஹிட் பாயிண்ட், இரண்டாவதற்குச் சாவு விதி. கடைசிக் குறைக்கு எந்த விதியும் உதவாது. விதி சேர்த்தால் அது மோசமாகும்.

குறை தெரிந்தபின் ஒரு சீட்டில் நான்கு வரி எழுதுங்கள்: எந்தக் குறைக்கு, என்ன மாற்றம், யாருக்கெல்லாம், எந்த லெவலில் ஓய்வு பெறும். நான்காவது வரிதான் எல்லோரும் விட்டுவிடுவது. தொடக்கக் கேரக்டருக்கு என்று கொடுத்த சலுகை ஒன்பதாம் லெவல் வரை ஒட்டிக்கொண்டு வந்து, அதன்மேல் இன்னொரு சலுகை ஏறி, கடைசியில் எந்த எண் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாமல் போவது இந்த வரி இல்லாததால்தான்.

ஹிட் பாயிண்டை எவ்வளவு கூட்டலாம்?

எங்கள் பரிந்துரை: எல்லோருக்கும் ஒரே அளவாக 5. வகுப்பு (விசார்ட், ஃபைட்டர் போன்ற வகை), கான்ஸ்டிடியூஷன் எதையும் பார்க்க வேண்டாம்.

மேலே சொன்ன விசார்ட் 7-இலிருந்து 12-க்குப் போகிறார். ஒரு காப்ளின் ஒரே அடியில் அவரை வீழ்த்தும் வாய்ப்பு 24 சதவீதத்திலிருந்து 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கும், ஏனென்றால் சாதாரண அடியின் உச்சம் 8, இனிக் கிரிட்டிக்கல்தான் வேண்டும். இரண்டு காப்ளின்கள் சேர்ந்து அடித்தால் 58 சதவீதம் 21 ஆகிறது. பயம் போகவில்லை, ஆனால் ஒரு முறை அடி வாங்கி ஒரு முடிவெடுக்க நேரம் கிடைக்கிறது. ஃபைட்டர் (டி10, கான்ஸ்டிடியூஷன் 14) 12-இலிருந்து 17-க்குப் போகிறார்; விகிதத்தில் அவருக்குக் கிடைப்பது குறைவு, அதுதான் நோக்கமும்.

இதை அன்பளிப்பாகக் கொடுக்காமல் முன்பணமாகக் கொடுங்கள். விசார்ட் இரண்டாம் லெவலுக்குப் போகும்போது வழக்கமாக 4+1 சேர்ந்து 12 ஆகவேண்டும். ஏற்கெனவே 12 இருப்பதால் எதுவும் கூடாது. ஃபைட்டருக்கு 6+2 சேர்ந்து 20 ஆகவேண்டும். 17-இலிருந்து 20-க்கு 3 மட்டும் கூடும். இரண்டாம் லெவலில், கான்ஸ்டிடியூஷன் மிகக் குறைந்த சிலரைத் தவிர, எல்லோரும் புத்தகத்தில் உள்ள எண்ணுக்கே வந்துவிடுவார்கள். விதி தானாகவே கரைந்துவிட்டது, யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை. புத்தகச் சராசரியை எடுக்காமல் ஹிட் டைஸை உருட்டும் டேபிளில் மட்டும் ஒரு சிக்கல்: விசார்ட் 1 உருட்டினால் 9தான் வரவேண்டும், கையிலோ 12 இருக்கிறது. அங்கே "எது அதிகமோ அது" என்று சீட்டில் எழுதிவிடுங்கள்.

ஒரு பக்கவிளைவையும் கவனியுங்கள். 2014 விதிப்படி கியூர் வூண்ட்ஸ் ஸ்பெல் 1டி8 உடன் ஸ்பெல் போடுபவரின் கூடுதலையும் சேர்த்துக் குணப்படுத்தும். கூடுதல் 3 என்றால் சராசரி 7.5. ஏழு ஹிட் பாயிண்ட் விசார்டுக்கு அது முழு உயிர், பன்னிரண்டு உள்ளவருக்கு மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. குணப்படுத்தும் வகுப்பான கிளெரிக்கை ஆடுபவர் "என் ஸ்பெல் பலமிழந்துவிட்டது" என்று முணுமுணுத்தால் அவர் சொல்வது சரிதான். 2024 திருத்தத்தில் அது 2டி8 ஆகிவிட்டதால் இந்தப் பிரச்சினை குறைவு.

கான்ஸ்டிடியூஷன் எண்ணை அப்படியே ஹிட் பாயிண்டில் சேர்த்தால் என்ன?

4ஆம் பதிப்பு (2008) அதைத்தான் செய்தது: ஃபைட்டருக்கு 15, விசார்டுக்கு 10, அதோடு கான்ஸ்டிடியூஷன் முழு எண். அங்கே அது சரியாக உட்கார்ந்தது, ஏனென்றால் எதிரிகளின் அடியும் உயிரும் அந்த அளவுக்கே வடிவமைக்கப்பட்டவை. 13த் ஏஜ் (2013) வகுப்பின் அடிப்படை எண்ணையும் கான்ஸ்டிடியூஷன் கூடுதலையும் கூட்டி மூன்றால் பெருக்குகிறது. அதுவும் அந்த கேமின் எதிரிகளுக்குப் பொருந்தும். 5ஆம் பதிப்பில் மட்டும் இதை ஒட்டவைத்தால் ஏழு ஹிட் பாயிண்ட் விசார்ட் 19 ஆகிவிடுவார், காப்ளினின் அடி அதே 5தான். இரண்டாம் லெவலில் கரைக்கவும் வழியில்லை. ஒரு கேமின் ஒரு பல்லை மட்டும் பிடுங்கி இன்னொரு கேமின் வாயில் நடுவது இது.

தற்காலிக ஹிட் பாயிண்டாகக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் என்ன மாறுகிறது என்று தெரிந்து கொடுங்கள். விழுந்தபின் மிச்சமாகும் அடி உங்கள் உச்ச ஹிட் பாயிண்டுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் உடனடிச் சாவு என்பது விதி. அடியை முதலில் வாங்கிக்கொண்டு தீர்ந்துபோகும் தற்காலிக ஹிட் பாயிண்ட் உச்சத்தை உயர்த்தாது.

ஓர்க் என்ற முரட்டு எதிரி ஒன்றை வைத்துப் பார்ப்போம்: தாக்கும்போது +5, பெரிய கோடரி 1டி12+3. ஏழு ஹிட் பாயிண்ட் விசார்டை ஒரே வீச்சில், டெத் சேவுக்கே (விழுந்தபின் பிழைக்க உருட்டும் உருட்டல்) வழியில்லாமல், கொல்லும் வாய்ப்பு 14 சதவீதம். பலருக்கு இந்த எண் அதிர்ச்சியாக இருக்கும், கூட்டிப் பாருங்கள்: 14 அடி போதும், சாதாரண வீச்சிலேயே டைஸில் 11 அல்லது 12 விழுந்தால் வந்துவிடும். உண்மையான 5 கூட்டினால் அது 0.35 சதவீதம். தற்காலிக 5 என்றால் சுமார் 1.6 சதவீதம். இரண்டுமே நல்ல முன்னேற்றம்தான். தற்காலிகத்தின் குறை வேறு: குணப்படுத்தினால் அது திரும்பி வராது, ஆகவே நாளின் முதல் சண்டைக்கு மட்டும்தான் காப்பு.

விதி எதையும் தொடாமல் சரிசெய்ய முடியுமா?

முடியும். பாதி டேபிள்களுக்கு இதுவே போதும்.

எதிரிகளின் புத்தகத்தில் ஒவ்வோர் அடிக்கும் சராசரி எண் அச்சிட்டே இருக்கிறது, காப்ளினுக்கு 5. டைஸ் உருட்டாமல் அந்த எண்ணையே எடுத்துக்கொள்ள டிஎம்முக்கு உரிமை உண்டு. அப்படிச் செய்தால் காப்ளினின் சாதாரண அடி ஏழு ஹிட் பாயிண்ட் விசார்டை ஒருபோதும் ஒரே அடியில் வீழ்த்தாது, கிரிட்டிக்கல் (சராசரி 9) மட்டுமே வீழ்த்தும். 24 சதவீதம் 5 ஆகிறது. புதிய விதி ஒன்றுகூட எழுதவில்லை.

ஓர்க்குக்கு இது உதவாது. அதன் சராசரி 9, ஏழு உள்ளவர் எப்படியும் விழுவார். அங்கே செய்ய வேண்டியது ஓர்க்கை முதல் லெவலில் கொண்டுவராமல் இருப்பது, அல்லது கோடரியை வாங்கிவிட்டுக் கையில் ஈட்டியைக் கொடுப்பது.

இன்னொன்று, எண்ணிக்கை. முதல் லெவல் நால்வருக்கு "மரணாபத்து" எல்லை 400 எக்ஸ்பி (எதிரியை வென்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி). நான்கு காப்ளின்கள் 200 எக்ஸ்பிதான், ஆனால் மூன்று முதல் ஆறு எதிரிகள் வந்தால் இரண்டால் பெருக்க வேண்டும் என்பது 2014 விதி. 400. நாலுக்கு நாலு என்று நியாயமாகத் தோன்றும் சண்டை கணக்குப்படி மரணாபத்து. இரண்டு காப்ளின்களை முதலில் அனுப்பி, மூன்றாம் சுற்றில் மீதி இரண்டு ஓடிவந்தால் அதே எதிரிகள், வேறு சண்டை.

கேரக்டர் சாகாமல் இருக்க ஒரு விதி சொல்லுங்கள்.

சாகவே சாகாது என்று விதி போட்டால் டைஸுக்கு வேலை இல்லை. எங்கே சாவு அதிகம் நடக்கிறது என்று பார்த்து அங்கே மட்டும் கை வையுங்கள்.

பூஜ்யத்துக்கு வந்த கேரக்டர் தன் முறை வரும்போதெல்லாம் டி20 உருட்டும்: 10-ம் மேலும் வெற்றி, மூன்று வெற்றி வந்தால் நிலைத்துவிடும், மூன்று தோல்வி வந்தால் சாவு. 20 விழுந்தால் எழுந்தேவிடும், 1 விழுந்தால் இரண்டு தோல்வி. யாரும் உதவிக்கு வராமல் விட்டாலும் பிழைக்கும் வாய்ப்பு 59.5 சதவீதம். பத்தில் ஆறு.

இப்போது கீழே கிடப்பவரைப் பக்கத்தில் நிற்கும் காப்ளின் ஒரு முறை குத்துகிறது என்று வையுங்கள். நினைவிழந்தவர்மேல் ஐந்தடிக்குள்ளிருந்து பட்ட அடி தானாகவே கிரிட்டிக்கல். கிரிட்டிக்கல் என்றால் இரண்டு தோல்வி. அந்த ஒரு குத்துக்குப் பின் பிழைக்கும் வாய்ப்பு 21 சதவீதம். 60-இலிருந்து 21-க்கு, ஒரே குத்தில்.

ஆகவே முதல் இரண்டு லெவலுக்கு எழுதத்தக்க விதி ஒரே வரி: "எதிரே நிற்பவர் ஒருவராவது இருக்கும்வரை எதிரிகள் விழுந்தவரை அடிக்க மாட்டார்கள்." இதை ஆட்டக்காரர்களிடம் சொல்லியே செய்யுங்கள். ரகசியமாக வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் டைஸை மாற்றிச் சொல்வது எங்களுக்குப் பிடிக்காத பழக்கம். ஒரு நாள் தெரிந்துவிடும், அன்றிலிருந்து நீங்கள் உண்மையாக உருட்டிய 20-ஐயும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பரப்பில் விழும் நெருப்பு, அமிலம் இதில் அடங்குமா என்ற கேள்வி கட்டாயம் வரும். அடங்காது என்று முன்பே சீட்டில் எழுதிவிடுங்கள்.

இதற்கு மேலும் வேண்டும் என்றால் ஒரே ஒரு முறை செல்லும் வடு விதி: மூன்றாவது தோல்வியில் ஆட்டக்காரர் விரும்பினால் கேரக்டர் 1 ஹிட் பாயிண்டோடு பிழைக்கும், ஆனால் நிரந்தரமாக ஒன்றை இழக்கும். ஒரு கண், குடும்ப வாள், கூட வந்த குதிரை. எண்ணில் தண்டனை வேண்டாம். எல்லாத் தாக்குதலுக்கும் –1 என்று போட்டால் அந்தக் கேரக்டரை ஆட்டக்காரரே இரண்டு வாரத்தில் வெறுத்துக் கைவிடுவார், பிழைக்கவைத்ததே வீண். மூன்றாம் லெவலில் இந்த விதிக்கு ஓய்வு.

ஆரம்ப எண்களை உருட்டுவதா, புள்ளி கொடுத்து வாங்குவதா?

கான்ஸ்டிடியூஷன், டெக்ஸ்டெரிட்டி போன்ற ஆறு எண்களையும் 27 புள்ளி முறையில் 8 முதல் 15 வரை வாங்கலாம். 13 வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி, 14-க்கும் 15-க்கும் இரண்டிரண்டு. சண்டையில்லாத முறை, ஆனால் எல்லா ஃபைட்டரும் ஒரே அச்சில் வார்த்தது போல வருவார்கள்.

நான்கு டி6 உருட்டி மிகக் குறைந்ததை விட்டுவிடும் முறையில் சராசரி 12.24. பிரச்சினை சராசரியில் இல்லை. ஒருவர் உருட்டும் ஆறு எண்களில் ஒரு 18-ஆவது விழும் வாய்ப்பு சுமார் 9 சதவீதம். நால்வர் உள்ள டேபிளில் யாருக்காவது விழும் வாய்ப்பு 32 சதவீதம். அதாவது மூன்று டேபிளில் ஒன்றில், முதல் நாளிலேயே ஒருவர் தனியாக உயர்ந்து நிற்பார், அந்த வித்தியாசம் கடைசி வரை போகும். மற்ற எல்லாத் தொடக்கச் சலுகையும் கரையும், இது கரையாது.

உருட்டும் சுகமும் வேண்டும், ஏற்றத்தாழ்வும் வேண்டாம் என்றால் பொது வரிசை: டேபிளில் உள்ளவர்கள் மாறிமாறி மொத்தம் ஆறு எண்களை உருட்டுங்கள், அந்த ஆறையும் எல்லோரும் தங்களுக்குப் பிடித்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 18 விழுந்தால் எல்லோருக்கும் 18. விழுந்த வரிசை படுமோசமாக இருந்தால் மறுபடி உருட்ட ஓர் அளவுகோல் வேண்டும். 3ஆம் பதிப்பு வைத்திருந்தது நல்ல அளவுகோல்: கூடுதல்களின் மொத்தம் 0 அல்லது கீழே, அல்லது மிகப் பெரிய எண் 13 அல்லது கீழே என்றால் மறு உருட்டல். வேறு எந்தக் காரணத்துக்கும் கிடையாது.

எல்லோருக்கும் முதல் லெவலில் ஒரு ஃபீட் கொடுக்கலாமா?

ஃபீட் என்பது தனிச் சிறப்புத் திறன். 2014 விதிகளில் கொடுத்தால் வேரியன்ட் ஹியூமன் என்ற இனத்தை எடுக்க யாருக்கும் காரணம் இருக்காது, அதன் முக்கியக் கவர்ச்சியே அந்த ஃபீட்தான். அதைத் தேர்வுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுக் கொடுங்கள். 2024 விதிகளில் பின்னணியோடு ஒரு ஃபீட் ஏற்கெனவே வருகிறது, இன்னொன்று வேண்டாம்.

லெவல் 0 என்கிறார்களே, அதை எப்படி அமைப்பது?

வகுப்பு எதுவும் இல்லாத சாதாரண ஆளாகத் தொடங்கி, முதல் சாகசத்தின் முடிவில் ஃபைட்டராகவோ விசார்டாகவோ ஆவது. சில கேம்களில் இது உள்ளேயே இருக்கிறது: ஷேடோ ஆஃப் தி டீமன் லார்ட் (2015) லெவல் 0-இலேயே தொடங்குகிறது. 5ஆம் பதிப்பில் நீங்களே கட்ட வேண்டும்.

இனம், பின்னணி, ஆறு எண்கள் எல்லாம் வழக்கம் போல. ஹிட் பாயிண்ட் 4, அதோடு கான்ஸ்டிடியூஷன் கூடுதல். பின்னணி தரும் திறன்களுக்கும் எளிய ஆயுதம் ஒன்றுக்கும் மட்டும் +2. தோல் கவசம் வரை போடலாம். இதோடு மூன்றில் ஒரு கைவேலை: ஒரு கேன்ட்ரிப் (எத்தனை முறையும் போடக்கூடிய சின்ன ஸ்பெல்), ஒரு கேடயம், அல்லது மூன்று முறை பயன்படும் மருந்துப் பை. கைவேலையை விட்டுவிடாதீர்கள். பின்னாளில் விசார்ட் ஆக நினைப்பவர் கையில் கேன்ட்ரிப்பாவது இல்லாவிட்டால் அந்த நாள் முழுக்கத் தடியோடு நிற்பார்.

தவறு நடப்பது மூன்று இடங்களில்.

லெவல் 1 வந்ததும் அந்த 4 ஹிட் பாயிண்டைக் கழித்துவிட்டு வகுப்பின் எண்ணைப் போட வேண்டும். பலர் இரண்டையும் கூட்டிவிடுகிறார்கள்.

எதிரிகள்: "சின்ன எதிரிதானே" என்று கோபோல்டைக் கொண்டுவருவது. அடி வாங்குபவரின் பக்கத்தில் கூட்டாளி நின்றால் அது இரண்டு டி20 உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளும். 2014 கோபோல்டின் கிரிட்டிக்கல் 2டி4+2, உச்சம் 10. ஐந்து ஹிட் பாயிண்ட் உள்ள ஆளுக்கு 10 என்றால் உடனடிச் சாவு. ஆகவே லெவல் 0-இல் உடனடிச் சாவு விதியை நிறுத்திவையுங்கள், கோபோல்டுகளைச் சேர்ந்து நிற்கவிடாதீர்கள்.

நீளம். ஒரே செஷன், மூன்று நான்கு மணி நேரம். இரண்டாவது வாரமும் லெவல் 0 என்றால் ஆட்டக்காரர்கள் தாங்கள் தேர்ந்தெடுத்த வகுப்புக்காகக் கடைவாசலில் காத்திருப்பவர்கள் ஆகிவிடுவார்கள்.

ஃபன்னல் என்பது இதேதானா?

பக்கத்து வீடு, ஆனால் மனசு வேறு. டன்ஜன் கிரால் கிளாசிக்ஸ் (2012) பிரபலமாக்கிய முறை: ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் மூன்று நான்கு குடியானவர்கள், எண்கள் 3டி6 விழுந்த வரிசைப்படி, ஹிட் பாயிண்ட் 1டி4, கையில் தொழில் சார்ந்த ஏதோ ஒரு பொருள். பதினைந்து பேர் குகைக்குள் போவார்கள், நாலைந்து பேர் வெளியே வருவார்கள், வந்தவர்களே கேரக்டர்கள்.

இங்கே சாவு குறை அல்ல, வடிகட்டி. ஆகவே மேலே சொன்ன ஹிட் பாயிண்ட், வடு விதிகள் எதையும் இதோடு கலக்காதீர்கள். கலந்தால் பதினைந்து பேரும் பிழைத்து, ஒரு சுற்று முடிய நாற்பது நிமிடம் ஆகும். ஒவ்வொரு ஆளுக்கும் உள்ளங்கை அளவு அட்டை ஒன்று போதும்: பெயர், தொழில், ஆறு எண், ஹிட் பாயிண்ட், பொருள். செத்தால் அட்டையை மேசையின் நடுவில் குப்புறப் போடுங்கள். கையில் இருந்த பொருளை அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம்.

கேரக்டருக்கு மூன்று பக்கம் முன்கதை எழுதி வருபவர் டேபிளில் இருந்தால் ஃபன்னல் வேண்டாம். அவர் வருத்தப்படுவார், நியாயமாகவும் இருக்கும்.

லெவல் 2-க்கு எவ்வளவு சீக்கிரம் போகவேண்டும்?

புத்தக எண் 300 எக்ஸ்பி, லெவல் 3-க்கு 900. ஒரு நாளைக்குக் கேரக்டர் ஒன்று தாங்கும் சண்டையும் முதல் லெவலில் 300 என்றே கணக்கு. பார்த்தால் ஒரே நாளில் லெவல் ஏறிவிடும் போலிருக்கும். ஆனால் அந்த 300 பெருக்கியபின் வரும் எண். நான்கு காப்ளின் சண்டை ஒவ்வொருவருக்கும் 100-ஆகக் கணக்கில் ஏறுகிறது, கையில் வருவது 50. மூன்று சண்டையில் நாள் முடிந்துவிடும், கிடைத்தது 150. கூட்டமாக எதிரிகளை அனுப்பும் டிஎம்மின் டேபிளில் முதல் லெவல் இழுத்துக்கொண்டே போவதன் காரணம் இதுதான்.

டிஎம் கையேடு செஷன் கணக்கில் ஒரு வேகம் சொல்கிறது: முதல் செஷன் முடிவில் லெவல் 2, இன்னொரு செஷனில் லெவல் 3, மேலும் இரண்டில் லெவல் 4. அதையே பிடித்துக்கொள்ளுங்கள், ஆபத்தான காலத்தைச் சுருக்குவதைவிட நல்ல காப்பு இல்லை.

மெதுவாகத்தான் போவேன் என்பவர்களுக்கு இடைப்படிகள். 13த் ஏஜில் அடுத்த லெவலின் ஒரு துண்டை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் வழி உண்டு. 5ஆம் பதிப்பில் 100-இல் லெவல் 2-இன் ஹிட் பாயிண்ட், 200-இல் அதன் கூடுதல் ஸ்பெல் இடம் அல்லது வகுப்புத் திறன், 300-இல் மீதி என்று பிரிக்கலாம். ஹிட் பாயிண்ட் முதலில் வரவேண்டும், வரிசையை ஆட்டக்காரர் விருப்பத்துக்கு விடாதீர்கள். விட்டால் எல்லோரும் திறனை எடுத்துவிட்டு ஏழு ஹிட் பாயிண்டோடு சாவார்கள். முன்பணமாக 5 கொடுத்த டேபிளில் இந்த இடைப்படி விதியைச் சேர்க்க வேண்டாம். ஒரே ஹிட் பாயிண்டை இரண்டு முறை கொடுத்ததாகும்.

கேரக்டர் புதிது, ஆட்டக்காரரும் புதிது. அதற்கு ஏதாவது?

விதி சேர்க்காமல் தாளில் இருப்பதைக் குறையுங்கள். முதல் செஷனுக்குத் தாளில் ஏசி, ஹிட் பாயிண்ட், இரண்டு தாக்குதல், கைவந்த நான்கு திறன், அவ்வளவுதான் தெரியட்டும். பொருள் பட்டியலை இரண்டாம் செஷனில் நிரப்பலாம். ஸ்பெல் வகுப்பு என்றால் தயாராக வைக்கும் ஸ்பெல்களை நீங்களே தேர்ந்து கொடுங்கள்.

எழுதிய விதி வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரே சண்டையை மூன்று முறை ஓட்டுங்கள், தனியாகவே செய்யலாம். நான்கு தயார் கேரக்டர்கள், நான்கு காப்ளின்கள், முதல் முறை விதி இல்லாமல், அடுத்த இரண்டு முறை விதியோடு. குறிக்க வேண்டியவை மூன்று: முதல் ஆள் எந்தச் சுற்றில் விழுந்தார், விழுந்தவர் அதற்குமுன் எத்தனை முறை தன் முறையை ஆடினார், சண்டை எத்தனை சுற்றில் முடிந்தது. இரண்டாவது எண் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கோ இரண்டுக்கோ நகர்ந்தால் விதி தன் வேலையைச் செய்கிறது. சண்டை நான்கு சுற்றிலிருந்து எட்டுக்கு நீண்டால் அளவு கூடிவிட்டது, குறையுங்கள். மூன்று ஓட்டம் புள்ளிவிவரம் ஆகாது, கண்ணில் படும் பெரிய ஓட்டையைக் காட்டும்.

நடு ஆட்டத்தில் விதியை மாற்றலாமா?

செஷன் தொடங்கும்முன் சொல்லி மாற்றலாம். உருட்டிய டைஸுக்குப் பின்னால் வேண்டாம். நேற்றுச் செத்த கேரக்டர் இன்றைய விதிப்படி பிழைத்திருக்குமே என்று கேட்பார்கள். பின்தேதியிட்டுச் செல்லாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

மற்றவர்கள் லெவல் 3. செத்தவருக்குப் பதில் வருபவர் லெவல் 1-இலா தொடங்குவது?

லெவல் 3-இலேயே வரட்டும். லெவல் 3 நால்வருக்கு ஏற்ற எதிரி முதல் லெவல் ஆளை இரண்டாவது முறையும் அதே இடத்துக்கு அனுப்பிவிடும்.

எழுதிய விதிகளை இணையத்தில் வெளியிடலாமா?

5ஆம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் பண்புக்கூறு 4.0 உரிமத்தில் வெளியானது. அதிலுள்ளதை எடுத்தாளலாம், மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். அந்தத் தொகுப்பிலேயே கொடுத்துள்ள உரிம வாசகத்தைச் சேர்க்க வேண்டும், மாற்றியிருந்தால் மாற்றியதாகச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் வந்த காப்ளின், ஓர்க், கோபோல்ட், டெத் சேவ் எல்லாம் அதில் உண்டு. தொகுப்பில் இல்லாத புத்தகப் பகுதிகளை வரிக்கு வரி பெயர்த்துப் போடாதீர்கள்.

வெளியிடும்போது அந்த நான்கு வரிச் சீட்டையும் விதியின் தலைப்பிலேயே போடுங்கள். எந்தப் பதிப்புக்கு, எந்த லெவல் வரை என்பது கண்ணில் படாவிட்டால் யாரோ ஒருவர் பன்னிரண்டாம் லெவல் டேபிளில் போட்டுப் பார்த்துவிட்டு உங்களிடம் சண்டைக்கு வருவார்.